சொன்னால் சொன்ன நேரம்!

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, மாம்பலத்துக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவே எலெக்ட்ரிக் ட்ரெயினில் நான் செத்துப்போனேன்.

செத்துப்போனதாக நினைத்துக்கொண்டேன் என்று திருத்தி வாசிக்கவும். நெஞ்சுக்குள் யாரோ அம்மி அரைத்தார்கள். விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், கண் இருட்டி, மூச்சு உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்றே புரியவில்லை. பக்கத்தில் நின்ற புண்ணியவான் என் பையை வாங்கி வைத்துக்கொண்டு, "சார், காலைல டிபன் சாப்ட்டீங்களா?" என்றார். நம் ஊரில் எல்லா வியாதிக்கும் முதல் கேள்வி அதுதான்.

நுங்கம்பாக்கத்தில் இறக்கி, ஆட்டோவில் போட்டு, ஆஸ்பத்திரி. ஈ.சி.ஜி., ரத்தம், எக்கோ என்று சகலமும் பார்த்துவிட்டு, "உங்க ஹார்ட் என்னோடதைவிட நல்லா இருக்கு சார்" என்றார் டாக்டர். பில்லைப் பார்த்தபோதுதான் மறுபடியும் லேசாக வலித்தது.

அதற்குப் பெயர் 'பேனிக் அட்டாக்'காம். திருடனே வராமல் வீட்டில் அலாரம் அடிக்கிற மாதிரி. ஆபத்து வந்துவிட்டதாக உடம்பு தப்புக் கணக்குப் போட்டு அட்ரினலினை அள்ளிக் கொட்டுகிறது. நாம் வேகவேகமாக மூச்சு விடுகிறோம். அதில் ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து விரல் மரத்துப்போகிறது. மரத்துப்போனதும் 'போச்சு, போச்சு' என்று பயம் இரட்டிப்பாகிறது. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. அடுத்த வாரமே அதே இடத்தில் மறுபடி வந்தது. அதற்கடுத்து ஸ்டேஷன் படிக்கட்டிலேயே வந்தது. நான் ட்ரெயினை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு மாறினேன். குரோம்பேட்டையிலிருந்து ஆபீஸுக்கு, சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம்!

டாக்டர் சீட்டில் கடைசி வரியாக, 'ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தார். அதை மட்டும் மடித்து வைத்துக்கொண்டேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"எதுக்குடா? நீ என்ன கீழ்ப்பாக்கமா?"

பாவம் அந்த ஊர். 1794-ல் வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்த மனநல மருத்துவமனை அங்கே வந்து சேர்ந்த பாவத்துக்கு, பஸ் கண்டக்டர் "கீழ்ப்பாக்கம்" என்று குரல் கொடுத்தால் இன்னும் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நிற்க. ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? கால் சவரன் தோடு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். பையனுக்கு டியூஷன் வாத்தியார் பார்க்க, பக்கத்து வீட்டுப் பையன் மார்க் ஷீட் வரை விசாரிக்கிறோம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம். ஆனால் மனசைத் திறந்து காட்டப் போகிற ஆளை மட்டும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யாரிடமும் கேட்க முடிவதில்லை. கேட்டால், "ஏன், யாருக்கு?" என்பார்கள். "ஒரு ஃப்ரெண்டுக்கு" என்று நாம் சொல்ல, அந்த ஃப்ரெண்டு யாரென்று அவர்கள் நம் முகத்திலேயே படித்துவிடுவார்கள்.

ஆகவே யாரையும் கேட்காமல், பெரிய போர்டைப் பார்த்து நான் முதலில் போன இடம்... பெயர் வேண்டாம். சாயந்திரம் ஆறு மணிக்கு வரச் சொன்னவர், ஆறு ஐம்பத்தைந்துக்குக் கூப்பிட்டார். நான் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் போன் வந்தது. எடுத்துப் பேசினார். மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி போன். கடைசியில், "எல்லாம் சரியாயிடும், பாஸிட்டிவ்வா இருங்க" என்றார். இதைத்தான் எங்கள் தெரு இஸ்திரிக்காரர் காசு வாங்காமல் தினம் சொல்கிறார்.

அடுத்த வாரம், நான் கிளம்பிப் பாதி வழி போன பிறகு, 'இன்று இல்லை' என்று ஒரு மெசேஜ். போகட்டும், மனுஷனுக்கு ஆயிரம் வேலை. மூன்றாவது முறை போனபோதுதான் வினை. வரவேற்பறையில் ஏழெட்டுப் பேர். உள்ளேயிருந்து வந்தவர் என்னைப் பார்த்து உற்சாகமாக, "என்ன சார், அந்த ட்ரெயின் பயம் எப்படி இருக்கு?" என்றார். அந்த ஏழெட்டுப் பேரில் எங்கள் காலனி செகரட்டரியின் மைத்துனர் ஒருவர்.

ரெண்டே நாளில் செகரட்டரி எங்கள் வீட்டு வாசலில் நின்று, "மாமி, பையனுக்கு இப்ப தேவலையா?" என்று அம்மாவை விசாரித்தார். அம்மா என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

நாலு மாதம் யாரிடமும் போகவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் என்பதைவிட, 'நம்பி வாயைத் திறந்தோமே' என்று என் மேலேயே கோபம். இதில் உள்ள வேதனை என்னவென்றால், பல் டாக்டர் சரியில்லை என்றால் வேறு பல் டாக்டரிடம் போவோம். பல் வைத்தியமே மோசம் என்று சொல்ல மாட்டோம். இங்கே மட்டும், ஓர் ஆள் சறுக்கினால் கதவையே சாத்திவிடுகிறோம்.

கதவைத் திறந்துவிட்டது என் தர்மபத்தினி. தை மாதம் ஒரு ராத்திரி நான் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்துவிட்டு, காலையில் ஒரு காகிதத்தை நீட்டினாள். "ஏங்க, மேற்கு மாம்பலத்துல ஒருத்தங்க இருக்காங்க. விசாரிச்சுட்டேன். ரிஜிஸ்டர் நம்பர் எல்லாம் இருக்கு. வியாழக்கிழமை அஞ்சு மணி. நீங்க போறீங்க."

ரிஜிஸ்டர் நம்பர் என்றதும் எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டது. விசாரித்தால் விஷயம் இருக்கிறது. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால், அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட படிப்பு முடித்து, 1992-ம் வருஷச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பெயரைப் போட்டு நாமே இன்டர்நெட்டில் சரிபார்க்கலாம். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படித்தவர், மாத்திரை எழுதுவார். 'கவுன்சலர்' என்ற வார்த்தைக்குத்தான் நீண்ட காலம் வேலியே இல்லாமல் கிடந்தது. 2021-ல் வந்த ஒரு சட்டம் அவர்களையும் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. போர்டின் அளவுக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்பதை நான் மூன்று விசிட் ஃபீஸ் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

பழைய வீடு. மாடியில் ஒரு அறை. இரண்டு நாற்காலி, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு மண்பானைத் தண்ணீர். அம்பது வயசிருக்கும் அந்த அம்மாளுக்கு. நான் போய் நின்றது நாலு ஐம்பதுக்கு. கதவு சாத்தியிருந்தது. 'ஆரம்பிச்சாச்சுடா' என்று நினைத்துக்கொண்டேன். சரியாக ஐந்து அடித்ததும் கதவு திறந்தது.

"வணக்கம் டாக்டர்" என்றேன்.

"நான் டாக்டர் இல்லை. மாத்திரை எழுத மாட்டேன். தேவைப்பட்டா யார்கிட்ட போகணும்னு சொல்வேன்" என்றார். எனக்குப் பிடித்துப்போன முதல் வாக்கியம் அது. தன்னால் என்ன முடியாது என்பதை முதலில் சொல்கிற மனிதர்களை நான் வாழ்க்கையில் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு, ஏதோ வாடகை அக்ரிமென்ட் வாசிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். ஐம்பது நிமிஷம். வாரம் ஒரு முறை, இதே நேரம். வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஃபீஸ் உண்டு. அவரால் முடியாவிட்டாலும் அப்படியே சொல்லிவிடுவார். சித்திரையில் பத்து நாள் ஊரில் இருக்க மாட்டார். குறிப்பு எழுதுவார், பூட்டிய அலமாரியில் இருக்கும். இங்கே பேசியது வெளியே போகாது. என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, கோர்ட் கேட்டாலோ மட்டும் விதிவிலக்கு.

"என் சம்சாரம் கேட்டா?"

"உங்க சம்மதம் இல்லாம சொல்ல மாட்டேன்."

"எங்கம்மா கேட்டா?"

"அம்மாவுக்கும் அதே பதில்தான்."

"எங்கம்மாவைப் பத்தி உங்களுக்குத் தெரியாது மேடம்."

சிரித்துவிட்டார். நானும். ட்ரெயின் சம்பவத்துக்குப் பிறகு முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

(இந்த ரகசியக் காப்பு அவர் பெருந்தன்மை மட்டுமல்ல. 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு இதை நமக்கு உரிமையாகவே கொடுத்திருக்கிறது. வரவேற்பறை சம்பவத்தின்போது எனக்கு இது தெரிந்திருந்தால், உப்பில்லாத ரசம் சாப்பிட்டிருக்க வேண்டாம்.)

"நாலு தடவை வாங்க. அப்புறம் ரெண்டு பேருமா உட்கார்ந்து, இது உங்களுக்கு ஒத்துவருதான்னு பேசுவோம். ஒத்துவரலைன்னா வேற ஆள் சொல்றேன். எனக்கு வருத்தம் இருக்காது" என்றார்.

இதெல்லாம் இவரே கண்டுபிடித்ததல்ல என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1913-லேயே சிக்மண்ட் ஃப்ராய்ட் தன் கட்டுரை ஒன்றில் இதே சமாச்சாரங்களை எழுதியிருக்கிறார். முதல் ஒன்றிரண்டு வாரம் வெள்ளோட்டம். ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தை நோயாளிக்குக் குத்தகைக்கு விட்ட மாதிரி. வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரம் அவருடையது, அதற்கான காசும் அவருடையது. வியன்னாவிலும் நம்ம ஊர் வீட்டு ஓனர் மாதிரி ஒருத்தர் இருந்திருக்கிறார்!

ஃபீஸ் ஆயிரத்து இருநூறு. மாதம் நாலாயிரத்து எண்ணூறு. வீட்டுக்கு வந்ததும் தர்மபத்தினி ஆவலாக, "என்ன சொன்னாங்க?" என்றாள்.

"அடுத்த வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு வரச் சொன்னாங்க."

"அதுக்கா ஆயிரத்து இருநூறு?"

எனக்கும் அதே சந்தேகம்தான். எனவே டெஸ்ட் செக் பண்ண ஆரம்பித்தேன். காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். ஆடிட்டர் எல்லா வவுச்சரையும் பார்க்க மாட்டார். நடுவிலிருந்து நாலு எடுத்துப் பார்ப்பார். அது சரியாக இருந்தால் மற்றதை நம்புவார். நானும் இரண்டாவது வாரம் பேச்சுவாக்கில் என் சித்தப்பா பையனைப் பற்றி ஒரு வரி சொல்லிவைத்தேன், ஞாபகம் இருக்கிறதா பார்ப்போம் என்று. மேலதிகாரியின் தொல்லை, டிராஃபிக், தூக்கமின்மை என்று மேலோட்டமான கணக்கையெல்லாம் காட்டினேன். உண்மையான லெட்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போனேன்.

நாலாவது வாரம் மாட்டிக்கொண்டார்! "உங்க அண்ணன் விஷயம் சொன்னீங்களே..." என்றார். எனக்கு ஏது அண்ணன்? நான் ஒற்றைப் பிள்ளை. சொன்னது சித்தப்பா பையனை. ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் கொதிப்பு. 'இவரும் அவர் மாதிரிதான். காது மட்டும் இங்கே, மனசு எங்கேயோ.' இனிமேல் போவதில்லை என்று முடிவே செய்துவிட்டேன். புதன்கிழமை போனில் சொல்லிவிடலாம் என்று இருந்து, ஃபீஸ் தண்டமாகுமே என்ற ஒரே காரணத்துக்காக வியாழக்கிழமை போனேன். கஞ்சத்தனமும் சில சமயம் காப்பாற்றும்.

உட்கார்ந்ததும் வெடுக்கென்று, "எனக்கு அண்ணன் கிடையாது" என்றேன்.

அவர் நோட்டைப் புரட்டவில்லை. சமாளிக்கவில்லை. "ஆமாம், சித்தப்பா பையன். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு வாரமா இது உறுத்திக்கிட்டே இருந்திருக்கு இல்ல?" என்றார்.

"சேச்சே, அதெல்லாம் இல்லை."

"இருந்தா சொல்லலாம். என்மேல கோவப்படலாம். இங்க அதுக்கும் இடம் உண்டு."

கணக்குப் புத்தகத்தில் தப்பாக எழுதிவிட்டால், ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. தப்பு அப்படியே இருக்க, கீழே ஒரு திருத்தப் பதிவு எழுத வேண்டும். எனக்கு அக்கவுன்டன்ஸி சொல்லிக்கொடுத்த வாத்தியார் இதற்காகவே கையில் ஸ்கேல் வைத்திருப்பார். அந்த அறையில் அன்றைக்கு நடந்தது அதுதான். அவர் ஞாபகமாகச் சரியாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு நம்பிக்கை வந்திருக்குமா என்பது சந்தேகமே.

எட்வர்ட் போர்டின் என்றொரு அமெரிக்க உளவியல்காரர் 1979-ல் எழுதினார்: எந்த வகை சிகிச்சையாக இருந்தாலும் மூன்று விஷயம் கூடி வர வேண்டும். எதற்காக வந்திருக்கிறோம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம், அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே ஒரு பிடிப்பு. இது வெறும் பேச்சா என்று சோதிக்க ஏகப்பட்ட ஆய்வுகள் நடந்து, 2018-ல் அப்படி 295 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் பார்த்தார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். அந்தப் பிடிப்புக்கும் குணமாவதற்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு சுமார் 0.28. பி.காமில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தேறியவர்கள் வர்க்கப்படுத்திப் பாருங்கள், எட்டு சதவீதம் வரும். 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். மனசு சம்பந்தப்பட்ட காரியத்தில் இந்த அளவுக்கு விடாமல், திரும்பத் திரும்பக் கையில் சிக்குகிற சமாச்சாரங்கள் குறைவு.

ஆறாவது வாரம், வீட்டில் விட்டுவிட்டு வந்த லெட்ஜரைத் திறந்தேன்.

அப்பா. ட்ரெயின் சம்பவத்துக்கு ஏழு மாதம் முன்னால், நிமோனியா என்று வீட்டுப் பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் அங்கிருந்த டாக்டர், "பெரிய இடத்துக்கு மாத்தினா நல்லது" என்றார். விசாரித்தேன். அட்வான்ஸே ரெண்டு லட்சம். அதற்கப்புறம் தினப்படி. என்னிடம் கையில் இருந்தது அறுபத்தோராயிரம். பிக்ஸட் டெபாசிட்டை உடைக்க, நகையை வைக்க, ஆபீஸில் கடன் கேட்க என்று ரெண்டு நாள் ஓடினேன். அந்த ரெண்டாம் நாள் ராத்திரி, ஆஸ்பத்திரி காரிடாரில் உட்கார்ந்து டைரியில் ஒரு கணக்குப் போட்டேன். எல்லாவற்றையும் விற்றுச் சுட்டால் அந்தப் பெரிய இடத்தில் எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும்?

பதினோரு நாள்.

கூட்டிக் கழித்து, அடியில் ரெண்டு கோடு போட்டு, '11' என்று எழுதினேன். விடியற்காலையில் அப்பா போய்விட்டார். மாற்றவே இல்லை.

ரெண்டு நாள் தாமதமானது ஒரு பக்கம். என்னைத் தின்றது அது அல்ல. பெற்ற தகப்பனுக்கு இத்தனை நாள் என்று கணக்குப் போட்டு, அடியில் கோடு வேறு போட்டேனே, அந்தக் கோடுதான். மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

(இந்தப் பத்திரிகையை எங்கள் வீட்டில் முதலில் படிப்பது அம்மா. ஆகவே இதை அனுப்புவதற்கு முன்னால், போன ஞாயிற்றுக்கிழமை அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "பதினோரு நாளா?" என்றாள். "ஆமாம்மா." "எந்த நகையெல்லாம் சேர்த்த?" சொன்னேன். "நான் ஒம்போதுன்னு போட்டிருந்தேன்" என்றாள். அப்புறம் காம்பைக் கிள்ளிப் போட ஆரம்பித்துவிட்டாள்.)

மாடி அறைக்கு வருகிறேன். நான் சொல்லி முடித்ததும், 'உங்க தப்பு இல்லை' என்று அவர் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவர் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். ஃபேன் சத்தம் மட்டும். பிறகு, "அந்த டைரி இப்ப எங்க இருக்கு?" என்றார்.

"பீரோவுல."

"கொண்டு வர முடியுமா? ரெண்டு பேருமா அந்தக் கணக்கைப் பார்க்கலாம். வேண்டாம்னு தோணினா வேண்டாம்."

நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போதே ஐந்து ஐம்பது ஆகிவிட்டது. "இன்னிக்கு இத்தோட நிறுத்திக்கணும். அடுத்த வியாழன் அஞ்சு மணிக்கு நான் இங்க இருப்பேன்" என்றார். என் கண்ணீருக்குக்கூட ஓவர்டைம் கிடையாதா என்று படியிறங்கும்போது கடுப்பாக இருந்தது.

இங்கே ஒரு வார்த்தை. மாதம் நாலாயிரத்து எண்ணூறு எல்லோராலும் முடிகிற காரியமல்ல, என்னாலேயே முக்கி முனகித்தான். 2022 அக்டோபர் 10-ம் தேதி மத்திய அரசு ஆரம்பித்த 'டெலி மானஸ்' என்ற இலவச சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணைச் சுற்றினால் தமிழிலேயே பேசலாம், ராத்திரி ரெண்டு மணியானாலும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். அங்கேயும், "நான் சொல்றது யாருக்கெல்லாம் தெரியும்? அடுத்த தடவையும் உங்களையே பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. மேற்கு மாம்பலத்து அம்மாளிடம் நான் ரிஜிஸ்டர் நம்பரைத் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "நல்லது, கேட்கணும்" என்று சொல்லிவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். கேட்டதற்கு யாராவது முகம் சுளித்தால், உங்கள் டெஸ்ட் செக் அங்கேயே முடிந்தது.

ஏழாவது வியாழன். டைரியை ஒரு பேப்பரில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, மூன்றே முக்காலுக்கே குரோம்பேட்டையில் பஸ் ஏறினேன். கிண்டிக்கு முன்னால் பஸ் நின்றது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். எங்கேயோ ஊர்வலம் என்றார் கண்டக்டர். நாலு நாற்பதுக்கு இறங்கிவிட்டேன். ஆட்டோவும் நகரவில்லை. எதிரே கிண்டி ஸ்டேஷன். சைதாப்பேட்டை, அதற்கடுத்தது மாம்பலம். இரண்டே ஸ்டேஷன்.

படிக்கட்டில் கால் வைத்ததும் அம்மி அரைக்க ஆரம்பித்தது. ஒரு வண்டியை விட்டேன். இன்னொன்றையும் விட்டேன். மணி ஐந்து. இந்நேரம் கதவு திறந்திருக்கும், எதிர் நாற்காலி காலியாக இருக்கும், அவர் உட்கார்ந்திருப்பார் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அடுத்த வண்டியில் ஏறிவிட்டேன். கம்பியைப் பிடித்த கை வேர்வையில் வழுக்கியது. சைதாப்பேட்டையில் இறங்கிவிடலாம் என்று கதவு வரைக்கும் போனேன். இறங்குவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

மாம்பலத்தில் இறங்கி ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். மாடிப்படி ஏறி வாசலில் நிற்கும்போது சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். கதவு திறந்திருந்தது. சுவர்க்கடிகாரத்தில் ஐந்து பன்னிரண்டு.

"ஸாரி மேடம்... பஸ்ஸு... ட்ரெயின்ல..."

அவர் எழுந்து, பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து என் நாற்காலிப் பக்கத்தில் வைத்தார்.

"உட்காருங்க. இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம் இருக்கு."